காணாமல்போன நாலாவது அத்தியாயம்: டொக்டர் ஹூவிலிருந்து குத்துவிளக்கு வரை

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், நாங்கள் ஆறு பேர் ஒரு லப்ரொப்பைச் சுத்தியிருந்து பழைய 'டொக்டர் ஹூ' பார்த்தோம். 'த ரென்த் பிளனெற்' என்ற கதை, மொத்தம் நாலு அத்தியாயங்கள். முதல் மூன்றும் கறுப்பு வெள்ளையில் ஒழுங்காக ஓடின. நாலாவது தொடங்கியதும் ஆட்கள் எல்லாரும் கார்ட்டூனாக மாறிவிட்டார்கள். குரல் அதே குரல், உருவம் மட்டும் வரைந்தது. "பைல் பிழையோடா?" என்று ஒருத்தன் கேட்டான்.

பைல் பிழையில்லை. 1966 ஒக்டோபர் 29 அன்று பிபிசியில் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தின் முழுப் பிரதி யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுவும் சும்மா ஒரு அத்தியாயம் இல்லை. முதலாவது டொக்டரான வில்லியம் ஹார்ட்னெல் தரையில் விழுந்து பற்றிக் ட்ரௌட்டனாக மாறுவது இதில்தான். நடிகர் மாறினாலும் பாத்திரம் சாகாது என்ற அந்தத் தந்திரம்தான் தொடரை இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. உருமாறும் அந்தச் சில விநாடிகள் மட்டும் தப்பியிருக்கின்றன. 1973இல் 'புளூ பீற்றர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி அந்தத் துண்டை எடுத்துக் காட்டியதால் வந்த தப்பு அது.

யார் அழித்தது? பிபிசியே அழித்தது. அந்தக் காலத்து வீடியோ நாடா விலை கூடியது. அழித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். நடிகர் சங்கங்களோடு இருந்த ஒப்பந்தங்களின்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபடி திரும்பத் திரும்பப் போடவும் ஏலாது. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை ஆர் பார்க்கப் போகினம் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. ஆகவே 60களின் கடைசியிலிருந்து 70கள் முழுக்க நாடாக்களைத் துடைத்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த 16 மில்லிமீற்றர் பிலிம் பிரதிகளும் குப்பைக்குப் போயின. 1978இல்தான் அழிப்பதை நிறுத்திச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு நடந்தது தேடல். விற்ற பிரதிகள் உலகம் முழுக்கச் சுத்தியிருந்தன. 90களின் தொடக்கத்தில் ஒரு முழுக் கதை ஹொங்கொங்கில் கிடைத்தது. 2013இல் நைஜீரியாவின் ஜொஸ் நகரில் ஒரு ரிவி நிலையத்திலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீண்டன. அதோடு காணாமல்போனவற்றின் எண்ணிக்கை 106இலிருந்து 97 ஆகக் குறைந்தது. இலங்கையில் தேடிப் பிரயோசனமில்லை. இங்கே ரிவி வந்ததே 1979இல்.

97 என்ற எண்ணைக் கேட்டதும் எங்கள் ஆறு பேருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது. 1981இல் மே முடிந்து யூன் பிறந்த இரவில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்த நூல்கள் ஏறக்குறைய 97,000. எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல்தான் எங்களை யோசிக்க வைத்தது. பிபிசிக்காரர் அழித்தது, அதற்குப் பெறுமதி இல்லை என்று நினைத்து. இங்கே எரித்தவர்கள், அதற்குப் பெறுமதி இருக்கென்று தெரிந்து எரித்தார்கள். இரண்டு அழிவையும் ஒரே தராசில் வைக்க ஏலாது. அழிந்ததற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்கட சினிமாவை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழ்ப் படங்கள் 60களின் தொடக்கத்தில் 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று ஆரம்பித்தன. 1972இல் 'குத்துவிளக்கு' வந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள நெறியாளர், காவலூர் ராஜதுரையின் எழுத்தில், சாதியையும் சீதனத்தையும் பற்றி 'பொன்மணி'யை இங்கேயே எடுத்தார். அவர் எங்கட கம்பஸில் படிப்பித்தவர். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமாகியது. இவற்றில் 'பொன்மணி'யை இன்றும் பார்க்க முடிகிறது. அந்தக் காலத்துப் படங்களில் பலவற்றின் பெயரும் சுவரொட்டியும்தான் மிச்சம்.

1983 யூலையில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தலையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சொந்தக்காரர் கே. குணரத்தினம் தமிழர் என்பதுதான் காரணம். உள்ளே இருந்த பிலிம் சுருள்களில் சிங்களப் படங்கள் நிறைய. நெருப்பு மொழி பார்க்கவில்லை. நெருப்பு மட்டும்தான் எதிரி என்றும் சொல்லேலாது. ஈரமும் வெக்கையும் கவலையீனமும் பிலிமைத் தின்னும். இலங்கையின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று சொல்லப்படும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய'வுக்கே மூல நெகற்றிவ் இல்லை. 2013இல் அதை மீட்டெடுத்தபோது புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. வேறு ஊரில் ஒரு பிரதி இருந்ததால் தப்பியது. ஜொஸ் நகரத்துக் கதையும் இதேதான்.

நூலகக் கதையிலும் இது உண்டு. 'யாழ்ப்பாண வைபவமாலை' 1981இல் எரிந்து உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று சிலர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இலேயே அச்சில் வந்துவிட்டது. தமிழ்ப் பதிப்புகளும் உண்டு. நாங்கள் இழந்ததைப் பெருப்பித்துச் சொல்லத் தேவையில்லை, உண்மையான இழப்பே காணும். தப்பியது எது என்று சரியாகத் தெரிந்தால்தானே மிச்சத்தைத் தேடலாம்?

'டொக்டர் ஹூ' கதையில் எங்களுக்குப் பிடித்த இடம் இன்னொன்று. காணாமல்போன எல்லா அத்தியாயங்களுக்கும் ஒலி இருக்கிறது. அதைக் காப்பாற்றியது பிபிசி இல்லை. வீட்டில் ரிவிக்கு முன்னால் ரேப் ரெக்கோர்டரை வைத்துப் பதிந்த பிள்ளைகள். நாங்கள் பார்த்த கார்ட்டூனுக்கு அடியில் ஓடிய குரல் அவர்களுடைய வேலை.

எங்கட வீடுகளிலும் அப்படிச் சாமான் கிடக்குது. 90களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட தலைமுறை எங்கள் அம்மா அப்பாமாருடையது. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' இன்றைக்கும் எங்களுக்கு மனப்பாடம் என்றால் கசற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அலுமாரிக்கு மேலே, பூஞ்சணம் பிடித்த வீடியோக் கசற்றுகளும் இருக்கும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே டெக்கில் போட்டால் நாடாவும் போகும், டெக்கும் போகும். முதலில் துப்புரவாக்க வேண்டும். பிறகு டிஜிற்றலாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்க வேண்டும். புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் திட்டம் 2005 முதல் இதைத்தான் செய்கிறது. படத்துக்கும் ஒலிக்கும் இன்னும் நிறையக் கைகள் வேணும்.

'குத்துவிளக்கு' ஒரு பிரதி எங்களுக்கு இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை. அதைத் தயாரித்த வி. எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். எரிந்த நூலகத்தை 80களில் மீளக் கட்டும் வேலையைச் செய்தவரும் அவர்தான். படம் இல்லாதபடியால் எங்களில் ஒருத்தியின் அம்மப்பாவிடம் போனோம். அவர் அதைத் தியேட்டரில் பார்த்தவர்.

"எங்கட கதை மாதிரியே கதைச்சினம் பிள்ளையள். அதுக்கு முதல் படத்தில அப்பிடிக் கேட்டதில்லை" என்றார்.

"முடிவு என்ன அம்மப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது மறந்துபோச்சு."

கைபேசியில் 23 நிமிடம் பதிந்தோம். மூன்று இடத்தில் கொப்பி வைத்திருக்கிறோம். முடிவு தெரிந்த ஆராவது உங்கட வீட்டில் இருந்தால், இந்தக் கிழமையே போய்க் கேளுங்கோ.