பேரலைக்கு முன் வந்த அலைகள்

'பாணி' என்னும் சொல்லைக் கலை விமர்சகர்கள் தாராளமாக வழங்குவர். அச்சொல்லுக்குக் 'கை' என்றும் ஒரு பொருள் உண்டென்பதைத் தண்டபாணி, சக்கரபாணி முதலிய பெயர்களின் விளக்கம் அறிந்தோர் அறிவர். ஓவியன் ஒருவனின் பாணி என்று நாம் கூறுவதும் அவனுடைய கையையே ஆகும். பெயர் பொறிக்காவிடினும் இப்படம் இன்னாருடையது எனக் காட்டிக்கொடுப்பது அது. அந்தக் கை ஒருவனுக்கு எவ்வாறு வாய்க்கின்றது? பிறவியிலே அமைவது என்பர் சிலர். பிறர் கையைப் பாராது ஒதுங்கியிருந்தால் தானே வரும் என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதற்கு யப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் வாழ்வே தக்க சான்றாகும்.

ஹொக்குசாயின் பெயரைக் கேட்டிராதவரும் அவருடைய 'பேரலை'யைக் கண்டிருப்பர். தேநீர்க் கோப்பையிலும் குடையிலும் பிள்ளைகளின் மேற்சட்டையிலும் அது இன்று அச்சாகி வருகின்றது. நீல அலையொன்று நகம் விரித்த கைபோல மேலெழுந்து நிற்க, அதன் கீழ் மூன்று படகுகளில் படகோட்டிகள் குனிந்து பற்றிக்கொண்டிருக்க, தொலைவிலே பூஜி மலை ஒரு சிறு கூம்பாகத் தோன்றும். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரமும் 37 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சிறிய அச்சுப்படமே அது. 1831ஆம் ஆண்டளவில் அது வெளிவந்தபோது ஓவியருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆகவே அந்த அலையின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1760இல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய ரோக்கியோவில், பிறந்த ஹொக்குசாய் தமது பதின்பருவத்தில் மரக்கட்டை செதுக்குவோரிடம் தொழில் பழகினார். யப்பானிய அச்சுப்படம் ஒருவர் கைவேலையன்று. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதனைச் செரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டிக் கோடுகளை விடுத்து ஏனையவற்றை வெட்டியெடுப்பார். அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக மை பூசித் தாளை ஒற்றியெடுப்பார். எந்தக் கோடு மரத்தில் உயிர் பெறும், எது சிதைந்துபோகும் என்பதை ஹொக்குசாய் தூரிகை பிடிக்குமுன்னரே உளியால் கற்றார். பின்னாளில் அவர் கோட்டுக்கிருந்த உறுதி அங்கே பிறந்தது என்பது எனது கருத்து.

பதினெட்டு வயதளவில் கற்சுக்காவா ஷுன்ஷோ என்ற ஆசிரியரிடம் சேர்ந்து, அவர் வழங்கிய ஷுன்ரோ என்னும் பெயரிலே, அவர் வரைந்தது போலவே கபுக்கி நாடக நடிகர்களின் படங்களை வரைந்தார். அக்காலப் படங்களில் ஆசிரியரின் கையே தெரியும். மாணவனின் கையைத் தேடிப் பிடித்தல் கடினம். ஆசிரியர் இறந்தபின் அக்குழுவை விட்டுப் பிரிந்து, வேறு மரபினரின் தூரிகை முறைகளையும் சீன ஓவிய முறைகளையும் பயின்றார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெயரையும் மாற்றினார். முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் அவருக்கு இருந்தன. அறுபதாண்டுச் சுற்று நிறைவுற்றதும் 'மீண்டும் ஒன்று' என்று பொருள்படும் இயிற்சு என்னும் பெயரைச் சூடினார். பிரபவ முதலாக ஆண்டெண்ணும் நமக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இனி அலைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக யப்பான் ஐரோப்பியருக்குக் கதவடைத்திருந்தது. ஒல்லாந்தர் மட்டும் 1641 முதல் நாகசாக்கித் துறைமுகத்தின் டெஜிமா என்னும் சிறு தீவில் இருந்து வணிகஞ் செய்ய விடப்பட்டனர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கும்பனியினரே இவர்கள். அவர்களது கப்பல்களில் வந்த நூல்கள், செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் ஆகியவற்றின் வழியே, தொலைவிலுள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும் ஐரோப்பிய உத்தி யப்பானிய ஓவியரை எட்டியது.

ஹொக்குசாய் அவ்வுத்தியைக் கற்ற விதம் நகைப்புக்கும் வியப்புக்கும் உரியது. 1805ஐ அண்டி அவர் வரைந்த படமொன்றில் பெருங்கடல் அலையொன்று சரக்குப் படகுகளின்மேல் எழுகின்றது. படத்தைச் சுற்றி ஐரோப்பியப் படச்சட்டம்போல் ஓர் ஓரம் வரைந்திருக்கின்றார். தலைப்பை யப்பானிய எழுத்திலேயே, ஆயினும் ஒல்லாந்தரின் கூட்டெழுத்துப்போலத் தோன்றுமாறு, பக்கவாட்டில் கிறுக்கியிருக்கின்றார். அந்த அலை நீராகவே இல்லை. களிமண்ணைப் பிசைந்து நிறுத்தியது போலக் கனத்து நிற்கின்றது. அதற்கு முன்னர், 1797இல் எனோஷிமாக் கடற்கரையை வரைந்தபோது, அலை கரையோரத்தில் மெல்ல மடங்கும் ஓர் அழகாக மட்டும் இருந்தது. முதலாவதில் யப்பானிய மரபு பேசுகின்றது. இரண்டாவதில் ஒல்லாந்தரின் படம் பேசுகின்றது. ஹொக்குசாய் இன்னும் வாய் திறக்கவில்லை.

அவர் வாய் திறக்க மேலும் கால் நூற்றாண்டு சென்றது. பேரலையில் தாழ்ந்த தொடுவானமும் சிறுத்த மலையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. நுரையை நகங்களாகப் பிரிக்கும் கோடு கிழக்காசியத் தூரிகையினது. நீலமோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம். யப்பானியர் அதனைப் 'பெரோ' என்றே, பேர்லினின் பெயரால், அழைத்தனர். இவற்றுள் எதுவும் ஹொக்குசாயின் கண்டுபிடிப்பு அன்று. எனினும் அப்படத்தை வேறெவருடையதென்றும் கூற இயலாது. அலையை விழும் கணத்துக்கு முந்திய கணத்தில் நிறுத்தி, நாட்டின் புனித மலையை அதன் மடிக்குள் ஒரு சிற்றலை போல வைத்த துணிவு எவரிடமும் இரவல் பெற்றதன்று.

நமது பாடசாலைகளில் பார்த்துக் கீறிய பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வழக்கமொன்று இருந்தது. சொந்தமாகக் கீறு என்போம். இங்கு வந்தபின் பெற்றோர் சிலர் வேறு வகையில் அஞ்சுகின்றனர். இந்நாட்டுப் பாடசாலையில் இந்நாட்டார் முறையில் வரையப் பழகினால் பிள்ளையின் கை அந்நியக் கையாகிவிடும் என்பது அவர்கள் கவலை. ஹொக்குசாயிடம் இவ்விரு அச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. 1814 முதல் அவர் வெளியிட்ட 'மங்கா' என்னும் படத்தொகுதி, மாணவர் பார்த்து வரைவதற்கென்றே ஆக்கப்பட்டது. மனிதர், மீன், பூச்சி, செடி, பேய் என ஆயிரக்கணக்கான சிறு படங்கள் அதன் 15 பகுதிகளில் உள்ளன. அவரோடு வாழ்ந்து அவருக்கு உதவிய மகள் ஓயி, தந்தையின் கையை எவரினும் நன்கு பழகியவர். அவ்வாறிருந்தும் அவர் வரைந்த யொஷிவாரா இரவுக் காட்சியில் விளக்கொளியும் இருளும் பின்னிக் கிடக்கும் விதம் தந்தையிடம் காணப்படாதது.

ஹொக்குசாய் தொண்ணூறு முறைக்கு மேல் வீடு மாறியவர் என்பர். 1839இல் தீயினால் அவருடைய படங்கள் பல அழிந்தன. அப்போது வயது எண்பதை அண்மித்திருந்தது. மீண்டும் வரையத் தொடங்கினார். எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தவற்றில் கருதத்தக்கது எதுவுமில்லை எனத் தமது நூலொன்றின் பின்னுரையில் 1834இல் அவரே எழுதியிருந்தார். 1845இல் ஒபுசே என்னும் ஊரில், திருவிழாத் தேரொன்றின் உட்கூரையில் மீண்டும் அலைகளையே வரைந்தார். அங்கே படகுமில்லை, மலையுமில்லை. சுழலும் நீர் மட்டுமே உண்டு.

1849இல் அவர் இறந்தார். சில ஆண்டுகளில் யப்பானின் கதவு திறக்க, அச்சுப்படங்கள் பாரிசுக்குச் சென்றன. அங்கே வின்சென்ட் வான் கோ அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். 1887இல் ஹிரோஷிகே என்ற மற்றொரு யப்பானிய ஓவியரின் இரு படங்களை எண்ணெய் வர்ணத்தில் பார்த்து வரைந்தார். அவற்றின் ஓரங்களில், பொருள் அறியாத யப்பானிய எழுத்துகளை வேறு படங்களிலிருந்து பார்த்து எழுதினார். முன்னர் ஹொக்குசாய் ஒல்லாந்த எழுத்தைப் போலி செய்தார். இப்போது ஓர் ஒல்லாந்தர் யப்பானிய எழுத்தைப் பார்த்தெழுதினார்.

தமது தூரிகை வீச்சினாலேயே அறியப்பட்ட பின்னரும் வான் கோ பார்த்து வரைவதைக் கைவிடவில்லை. 1889, 1890 ஆண்டுகளில் சென் ரெமி மனநோய் இல்லத்தில் இருந்தபோது, உழவரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்கள் ஏறத்தாழ இருபதை வரைந்தார். பிறர் இயற்றிய இசையை ஒருவர் வாசிப்பது போன்றது இது எனத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். அவர் முன்னிருந்தவை மூல ஓவியங்கள் அல்ல, கறுப்பு வெள்ளைப் பிரதிகள். வைக்கோற் போரின் நிழலில் உறங்கும் உழவரும், அரிவாளும், கழற்றி வைத்த சப்பாத்துகளும் மிலேயுடையவை. வைக்கோலின் மஞ்சளையும் வானத்தின் நீலத்தையும் வான் கோவே தேட வேண்டியிருந்தது.