வேங்கடத்து அளவுகோல்

திருப்பதியில் மனையொன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்த நம் நண்பர் ஒருவர், அன்று மாலையே நம் இல்லம் தேடி வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பின் பொருட்டுக் குடும்பத்தோடு ஆந்திரம் வந்தவர். பல்லாண்டுகள் நெல்லூரில் வாழ்ந்தவர். “இருபது அங்கணம் என்றார்கள். விலை மலிவாகத் தோன்றியதால் இசைந்துவிட்டோம். நேரில் சென்று பார்த்தால் மனை பாதியாகச் சுருங்கிக் கிடக்கிறதே!” என்று வருந்தினார். அவரை எவரும் ஏமாற்றவில்லை. நெல்லூரில் ஓர் அங்கணம் என்பது 72 சதுர அடி. திருப்பதியில் அதே பெயருடையது 36 சதுர அடி. அவர் நெஞ்சில் எண்ணியது 1440 சதுர அடி. வாங்க ஒப்பியது 720.

அங்கணம் நமக்குப் புதிய சொல்லன்று. தமிழில் அது முற்றத்தையும் குறிக்கும். கழிநீர் ஓடும் சாக்கடையையும் குறிக்கும். வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தில் அதனைப் பின்னைய பொருளில்தான் ஆண்டிருக்கிறார். மனை அளவாக அச்சொல்லைக் கேட்கும் தமிழர் முதலில் முகம் சுளிப்பதும், பிறகு விலை கேட்டு மலைப்பதும் திருப்பதியில் நாம் பன்முறை கண்ட காட்சி. நகைப்பு ஒருபுறம் இருக்கட்டும். வீடு கட்டும் கணக்கில் பெரும்பாலான பூசல்கள் பிறக்குமிடம் இதுவே. ‘எத்தனை’ என்று கேட்கிறோம். ‘எந்தக் கோலால்’ என்று கேட்க மறந்துவிடுகிறோம். நம் முன்னோர் இதனை மறந்தாரல்லர்.

இளங்கோவடிகள் மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லுமிடத்தை நினைவு கூர்வோம். ஆடரங்கின் அளவுகளை அவர் எடுத்தவுடன் கூறிவிடவில்லை. அளக்கும் கோலுக்கு மூங்கில் எங்கே வளர்ந்தது, அதன் கணு எத்தகையது, கோலின் நீளம் எத்தனை விரல் என்பவற்றை முதலில் வரையறுக்கிறார். 24 விரல் கொண்டது கோல் என்று நிறுவிய பின்னரே, அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, உயரம் ஒன்று என்று அரங்கு எழுகிறது. இன்றைய பொறியாளர் தம் மதிப்பீட்டின் தலைப்பில் அலகைக் குறித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குகின்ற முறை இதுவன்றோ?

சிற்ப நூலாகிய மயமதம் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. முழம் என்ற ஒரே சொல்லுக்கு 24 விரல், 25 விரல், 26 விரல், 27 விரல் என நால்வகை அளவு கூறி, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தருகிறது. இருபத்து நான்குக்கும் இருபத்தேழுக்கும் இடையே மூன்று விரல்தானே என்று தோன்றும். நூறு முழச் சுவரில் அம்மூன்று விரல் 300 விரலாகிறது. சிறு முழக் கணக்கில் பன்னிரண்டரை முழம் மிகுகிறது. அத்தனைக்கும் கல்லும் சுண்ணாம்பும் கூலியும் வேண்டும். கட்டடத் தொழிலோர் நால்வரை அந்நூல் வகுக்கும்போது, ஸ்தபதிக்கு அடுத்த நிலையில் சூத்திரகிராஹியை வைக்கிறது. ‘நூல் பிடிப்பவன்’ என்பது அதன் பொருள். நெடுநல்வாடையில் அரண்மனைக்குக் கயிறிட்டு இடம் வகுப்போரும் இம்மரபினரே.

சோழர் காலத்து நில ஆவணங்களில் பதினாறு சாண் கோல், பன்னிரண்டு சாண் கோல் என்று அளந்த கோலைப் பெயர் சொல்லிக் குறிப்பது வழக்கம். தமிழகத்துக் கோயில்கள் பலவற்றின் சுவரில் அக்கோலின் நீளமே ஒரு கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. ஐயமுற்றவன் தன் கோலைக் கொண்டுவந்து அக்கோட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம். எடைக்கும் முகத்தலுக்கும் இதே நெறிதான். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். திருமலையில் நெல்லளந்த மரக்காலுக்கு மலைகினிய நின்றான் என்று பெயர். இறைவன் பெயரால் அளந்தால் குறைத்து அளக்கக் கை கூசும் என்று எண்ணினார்கள் போலும்.

திருமலை என்றவுடன் நம் பேச்சு வேங்கடத்துக்கு வந்துவிட்டது. பனம்பாரனார் தம் பாயிரத்தில் தமிழுலகின் வட எல்லையாக நிறுத்திய மலை அது. அங்குள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலிய அறிஞர்களின் உழைப்பால் அவை தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றைப் பக்தி ஆவணமாகப் படிப்போர் பலர். நாம் அவற்றை ஒரு பொறியாளர் அலுவலகத்தின் கோப்பாகப் படிக்க முயன்றோம். அவ்வாறும் அவை பேசுகின்றன.

விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில் அடுத்தடுத்து வரும் ஒரு வாய்பாட்டைக் காண்க. ஒருவர் இவ்வளவு பணத்தைக் கோயில் பண்டாரத்தில் செலுத்துகிறார். அப்பணத்தைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுவிப்பது. அதனால் மிகுகின்ற விளைவைக் கொண்டு அவர் பெயரால் நாள்தோறும் இன்ன படையல் நடத்துவது. அதற்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, பயறு இவ்வளவு. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. இவ்வாறு கோயில் ஸ்தானத்தார் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், திருப்பதிக் கோயில் இந்த நெறியால் தன் ஊர்களின் நீர்ப்பாசனத்தைப் பெருக்கியதை விளக்கியிருக்கிறார்.

இதில் மறைந்து நிற்கும் கணக்கை எண்ணிப் பாருங்கள். கால்வாய் வெட்டினால் எத்தனை குழி மண் எடுக்க வேண்டும், அதற்குக் கூலி என்ன, நீர் பாய்ந்தபின் எத்தனை மரக்கால் நெல் கூடும், அந்த நெல் ஆண்டு முழுவதும் படையலுக்குப் போதுமா? இவற்றுக்கெல்லாம் ஓரளவு விடை அறியாமல் ஸ்தானத்தார் ‘சந்திரன் சூரியன் உள்ளவரை’ என்று கல்லில் வாக்குக் கொடுத்திருக்க முடியாது. மதிப்பீடு தவறினால் வாக்கும் தவறும்; தவறியது கல்லில் நின்று சான்று சொல்லும். கிருஷ்ணதேவராயர் 1517-இல் ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய 30,000 வராகன் அளித்த செய்தியை நாம் வியந்து பேசுகிறோம். அது கொடையின் பெருமை. நமக்கோ, பெயர் பரவாத ஒருவர் சில நூறு பணத்தைக் கொடுத்து, அது எந்த ஊர்க் காலாக மாறும் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டாரே, அதுவே பெரிதும் இனிக்கிறது.

மற்றொன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில், வீரநரசிங்கதேவ யாதவராயர் ஆட்சியில், திருப்புல்லாணி தாசர் என்பார் திருமலைக் கோயிலைப் புதுப்பிக்க முன்வந்தார். பழைய சுவரைப் பிரித்தால் அதிலுள்ள எழுத்துகள் அழியும். ஆகவே அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவிக்க அரசரிடம் இசைவு பெற்றார். கட்டடம் மாறினும் கணக்கு மாறக்கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. அதே மலையில் 1464-இல் சாளுவ மல்லையதேவர் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபம் 2003-இல் இடிக்கப்பட்டதை நினைக்கும்போது, தாசரின் கவலை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இனிச் சித்தூருக்கு வருவோம். 1911-இல் தனி மாவட்டம் ஆகும் முன்னர், இந்நகர் வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இத்தனை முறை நகர்ந்தும், சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை வகுத்த கட்டட வேலை விதிகளை இரு மாநிலப் பொறியாளர்களும் முதுசொத்தாகப் பெற்றனர். பின்னர் அவரவர் பெயர் சூட்டித் திருத்திக்கொண்டனர். தமிழர் ‘எஸ்டிமேட்’ என்பதைத் தெலுங்கர் ‘அஞ்சனா’ என்பர். இருவருக்கும் ‘மேஸ்திரி’ மேஸ்திரிதான்.

அம்முறையின் உயிர்நாடி ‘எம் புக்’ எனப்படும் அளவுப் புத்தகம். எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், அளவு என்று பத்திகள் இட்ட எளிய ஏடு அது. ஆனால் அதன் விதிகள் கடுமையானவை. பக்கங்களுக்கு அச்சில் எண் உண்டு. ஒன்றையும் கிழிக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்திலேயே நின்று மையால் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பம் இடவேண்டும். மேலதிகாரி வந்து மீண்டும் அளந்து பார்ப்பார். சுவரில் வெட்டிய கோலுக்குக் காகிதத்தில் பிறந்த பேரன் என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

தாயகத்தில் வீடு கட்டப் பணம் அனுப்பிவிட்டு, ஆண்டுக்கொருமுறை சென்று பார்க்கும் நம்மவர்க்கு இதில் ஓரிரு செய்திகள் பயன்படும். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனம் உடைய சுவர் 75 கன அடி. சாந்தோடு சேர்த்துச் செங்கல் 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் ஆனால் 1067 கல் போதும். சூளையில் கல் சிறுத்து, சாந்தோடு 9, 4, 2½ ஆகிவிட்டால் 1440 கல் வேண்டும். கல்லின் விலையை மட்டும் கேட்டு மலிவென்று மகிழ்ந்தோர் இங்கே இடறுவர். மணலும் அவ்வாறே. ஈர மணல் பருத்து நிற்கும். நாலில் ஒரு பங்கு வரையிலும் வெறும் தோற்றமாக இருத்தல் கூடும். நூறு கன அடி கொண்ட ‘யூனிட்’ கணக்கில் வாங்குவோர் மழைக்கு மறுநாள் வாங்காதிருப்பது நன்று.

பூச்சு வேலையில் எழும் பூசல் தனிவகை. “கதவு இருக்கும் இடத்துக்கும் கூலி கேட்கிறாரே!” என்று சினப்பார்கள். 3 அடிக்கு 7 அடிக் கதவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். இந்தியத் தர நிறுவனத்தின் அளவீட்டு விதியின்படி, அரை சதுர மீட்டர்க்கு மேல் மூன்று வரையுள்ள திறப்புக்குச் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டுமே கழிக்க வேண்டும். மறுபக்கத்தில் கழிக்காது விடுவது, கதவைச் சுற்றிய ஓரங்களைப் பூசும் உழைப்புக்கு ஈடாக. இரு பக்கமும் கழிக்கச் சொல்லும் வீட்டுக்காரரும், எப்பக்கமும் கழிக்காத மேஸ்திரியும் இவ்விதியை ஒருங்கே அறிந்துகொண்டால் பாதி வழக்கு தீரும்.

நண்பர் கதையை இடையில் விட்டுவிட்டோம். அவர் முன்பணத்தை இழக்க மனமின்றி அந்த 720 சதுர அடியிலேயே மாடி வைத்துக் கட்டினார். வேலை தொடங்கிய நாளில் அவர் துணைவியார் கோடிட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்தார். சனிக்கிழமைதோறும் அவரும் மேஸ்திரியும் நாடாவின் இரு முனைகளைப் பிடித்து அளந்து, அந்நோட்டில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டுக் கூலி கணக்கிட்டனர். புதுமனை புகுவிழாவுக்குச் சென்றபோது அந்நோட்டை நாம் புரட்டிப் பார்த்தோம். முதற் பக்கத்தில் மேஸ்திரி தம் கையால் தெலுங்கில் ஒரு வரி எழுதியிருந்தார், அதன் அடியில் அம்மையார் அதனையே தமிழில் எழுதியிருந்தார்: “ஓர் அங்கணம் 36 சதுர அடி.”