‘வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்’: ஒரு கன்ட்ரி நற்செய்திப் பாடலின் பிறப்பும் நீடித்த வாழ்வும்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தின் வட்டக் கூடத்தில், சுவரைச் சுற்றி ஒரு பாட்டின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். புதிய கலைஞர்களை மண்டபத்தில் சேர்க்கும் விழா முடியும்போது, வந்திருக்கும் கலைஞர்கள் எல்லோரும் எழுந்து நின்று அதே பாட்டைச் சேர்ந்து பாடுவது வழக்கம். வட்டம் முறியாமல் இருக்குமா என்று கேட்கும் ‘வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்’தான் அந்தப் பாட்டு. பிரிந்த குடும்பம் மறுமையில் மீண்டும் ஒன்றுகூடுமா என்பதே கேள்வியின் பொருள். கேட்பவர்களில் பெரும்பாலோர் இதை வர்ஜீனிய மலைக்காரரான ஏ. பி. கார்ட்டர் எழுதியதாகவே நினைக்கிறார்கள். இசைத்தட்டு உறைகளும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தன. பாட்டின் வரலாறோ கார்ட்டருக்கு ஒரு தலைமுறை முன்பே, லண்டனில் தொடங்குகிறது.

அடா ரூத் ஹேபர்ஷன் 1861இல் லண்டனில் பிறந்தவர். வேதாகமப் படிப்பில் ஊறியவர். 1884இல் அமெரிக்க நற்செய்தியாளர் மூடியும் அவருடைய பாடகர் சாங்கியும் லண்டனில் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தியபோது அவர்களுடன் பழக்கமானார். பிறகு அவர்கள் அழைப்பில் அமெரிக்கா சென்று பழைய ஏற்பாடு பற்றி உரையாற்றினார். 1905இல், நற்செய்தியாளர் டோரியின் கூட்டங்களில் பாடல் நடத்திவந்த சார்லஸ் அலெக்சாண்டர் தமக்குப் பாடல்கள் எழுதித்தரக் கேட்டார். அப்படி ஹேபர்ஷன் எழுதிக் குவித்தவற்றில் ஒன்று இது. 1907இல் இதற்கு மெட்டமைத்த சார்லஸ் எச். கேப்ரியல் அயோவா மாநிலத்துப் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். ‘ஹிஸ் ஐ இஸ் ஆன் தி ஸ்பாரோ’ என்ற புகழ்பெற்ற பாடலுக்கும் இசை அவருடையதே.

மூலப் பாட்டைக் கவனித்துப் படித்தால், அது எங்கே பாடுவதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். சரணங்கள் முழுவதும் முன்னிலையில் அமைந்தவை. பரலோகம் சேர்ந்துவிட்ட அன்பர்களை நீ நினைக்கிறாயா, சிறு வயதில் அவர்கள் கற்றுத்தந்த பாட்டுகள் உனக்கு இன்னும் பிடிக்கின்றனவா, அவர்களோடு சேர உனக்கு விருப்பமா என்று கேட்டுக்கொண்டே போகிறது. கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்த குடும்பம், ஒவ்வொன்றாகக் காலியாகும் இருக்கைகள் ஆகிய படிமங்கள் உருக்கமானவைதாம். ஆனால் அந்த உருக்கத்துக்கு ஒரு வேலை உண்டு. பிரசங்கம் முடிந்து, மனம் திரும்ப விரும்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று அழைக்கும் நேரத்தில் கூட்டத்தில் இருப்பவரை எழுந்து நடக்க வைக்கவேண்டும். இந்த வேலையை மட்டும் நம்பியிருந்தால், அதே காலத்து ஆயிரக்கணக்கான அழைப்புப் பாடல்களோடு இதுவும் மங்கிப்போயிருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்த கட்டம் வர்ஜீனியாவின் கிளிஞ்ச் மலையடிவாரத்தில் நிகழ்ந்தது. 1891இல் அங்கே பிறந்த ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் உறவுக்காரியும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல் ஆகிய மூவரும் சேர்ந்ததே கார்ட்டர் குடும்பம் என்ற குழு. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் விக்டர் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு நடத்திய ரால்ஃப் பியர் அவர்களைக் கண்டெடுத்தார். பாட்டின் கதையில் பியரின் வணிக முறைக்கும் ஒரு பங்கு உண்டு. தம் பெயரில் பதிப்புரிமை பெறக்கூடிய பாட்டுகளைக் கொண்டுவரும் கலைஞர்களையே அவர் விரும்பினார். அவருடைய வருமானம் பாடல் உரிமையிலிருந்து வந்தது. ஆகவே ஏ. பி. மலைக் கிராமங்களில் அலைந்து பழம்பாட்டுகளைத் திரட்டி, வரி மாற்றி, மெட்டு மாற்றி, புதுச்சரக்காக்கித் தர வேண்டியிருந்தது. அந்தப் பயணங்களில் அவருக்குத் துணையாகப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். வீடு வீடாகக் கேட்ட பாட்டுகளின் சொற்களை ஏ. பி. எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு சிமென்ட் ஆலை விபத்தில் காலை இழந்த அந்த மனிதரின் செவித்திறன் இல்லாமல் கார்ட்டர் குடும்பத்தின் பாடல் தொகுதி இத்தனை பெருகியிருக்காது. அந்தக் குழுவின் எந்தத் தட்டிலும் அவர் பெயர் இல்லை.

1935 மே மாதம் நியூயார்க்கில், அமெரிக்கன் ரெக்கார்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்காக அவர்கள் இந்தப் பாட்டைப் பதிவுசெய்தார்கள். தலைப்பின் முதற்சொல் ‘கேன்’ என்று மாறியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் சரணங்களில். ஹேபர்ஷன் எழுதிய சரணங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குளிர்ந்து மேகம் கவிந்த ஒரு நாள். சன்னலோரம் நிற்கும் பிள்ளை, தாயின் உடலை எடுத்துப்போகச் சவ வண்டி வருவதைப் பார்க்கிறது. வண்டியை மெல்ல ஓட்டும்படி வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்கிறது. பின்னாலேயே நடக்கிறது, அழாமல் இருக்கப் பார்க்கிறது, குழியருகே முடியவில்லை. பிறகு, தாய் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருகிறது. முன்னிலை போய்த் தன்மை வந்துவிட்டது. பழைய பாட்டின் சாயல் பல்லவியில் மட்டும் நிற்கிறது.

இந்த மாற்றத்தில்தான் பாட்டின் ஆயுள் இருக்கிறது என்று கருதுகிறேன். மூலப் பாட்டு விசுவாசியைப் பார்த்துக் கேள்வி கேட்டது. கார்ட்டர் வடிவமோ யாரிடமும் எதையும் கோரவில்லை. தாயை அடக்கம் செய்த ஒருவருக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லும் அந்த ஒரு வேண்டுகோள் புரிந்துவிடும். அடக்கச் சடங்கில் உறவினருக்கு வேறெதன் மீதும் பிடி இல்லை; வண்டியின் வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். பாட்டு அந்தச் சிறு இடத்தைக் கண்டுகொண்டது. பரலோகம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு, பல்லவியில் எழும்போது, பிரசங்க மேடையை விட்டுத் துக்கத்திலிருந்தே வருவதாகிவிடுகிறது.

மெட்டும் மாறியது. சரணத்துக்கும் பல்லவிக்கும் தனித்தனி நடை அமைத்திருந்தார் கேப்ரியல். கார்ட்டர் வடிவத்தில் இரண்டும் ஒரே மெட்டில் போகின்றன. ஒருமுறை கேட்டவர் அடுத்த சரணத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். அந்த மெட்டு, கறுப்பினத் திருச்சபைகளில் பாடப்பட்ட ‘சின்ஸ் ஐ லெய்ட் மை பர்டன் டவுன்’ பாட்டின் மெட்டுக்கு மிக நெருங்கியது. எல்டர்ஸ் மக்கின்டார்ஷ் அண்ட் எட்வர்ட்ஸ் குழு பாடிய அதன் ஒலிப்பதிவு 1928ஆம் ஆண்டுக்கு உரியது, அதாவது கார்ட்டர் பதிவுக்கு ஏழு ஆண்டு முந்தையது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவை மறுக்க முடியாது. மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்து, விரல்களால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் போடுவார். பின்னாளில் எண்ணற்றோர் பழகிக்கொண்ட அந்த முறை இந்தத் தட்டிலும் ஒலிக்கிறது.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. குடும்பம் பிரியாதிருக்குமா என்று பாடிய அந்த நேரத்தில் ஏ. பி.யும் சாராவும் பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாடுவதற்காக மட்டும் கூடினார்கள். கேட்டவர்களுக்கு அது தெரியாது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்ட குடும்பங்கள் மலிவு விலைத் தட்டுகளாக அதை வாங்கின. 1938 முதல் மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து, அமெரிக்கச் சட்டம் அனுமதித்ததைப் போலப் பல மடங்கு ஆற்றலுடன் ஒலிபரப்பிய எக்ஸ்.இ.ஆர்.ஏ. வானொலி, கார்ட்டர் குடும்பத்தின் குரலை நாடெங்கும் கொண்டுசென்றது.

பாட்டு வெள்ளையரின் கன்ட்ரி உலகத்துக்குள் அடைபட்டுவிடவில்லை. சிகாகோவில் கறுப்பின நற்செய்திப் பாடகர் பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ் தம் பிள்ளைகளைத் தரையில் உட்கார்த்தி முதன்முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான் என்று அவர் மகள் மேவிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். 1968இல் கார்ல் பெர்க்கின்ஸ் எழுதி ஜானி கேஷ் பாடிய ‘டாடி சாங் பேஸ்’ இந்தப் பல்லவியைத் தன்னுள் வைத்துக்கொண்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டுதான் கேஷ், மேபெலின் மகள் ஜூனை மணந்தார்.

ஆனால் இன்றைய புகழுக்கு நேர்க்காரணம் 1971 ஆகஸ்ட் பதிவே. கலிஃபோர்னியாவின் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற நீள்முடி இளைஞர்கள், நாஷ்வில்லின் உட்லண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் மேபெல் கார்ட்டர், ராய் ஏகஃப், டாக் வாட்சன், ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மெர்ல் டிராவிஸ், ஜிம்மி மார்ட்டின் ஆகிய மூத்தவர்களோடு சில நாள்களில் ஒரு மூன்று தட்டுத் தொகுப்பை உருவாக்கினார்கள். வியட்நாம் போர்க்காலம்; முடியின் நீளமே அரசியல் அடையாளம். இன்னொரு மூத்த கலைஞரான பில் மன்றோ வர மறுத்துவிட்டார். ஏகஃபுக்கும் தயக்கம், பதிவான பாடல்களைக் கேட்டபிறகே, இது கன்ட்ரி இசைதான் என்று ஒப்புக்கொண்டு பாட வந்தார். வாட்சனும் டிராவிஸும் அங்கேதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். டிராவிஸின் வாசிப்பின்மேல் இருந்த மதிப்பில் வாட்சன் தம் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்திருந்தார். அவர்களுடைய பேச்சு தட்டிலேயே இருக்கிறது. தலைப்புப் பாட்டில் 62 வயது மேபெல் தொடங்க, மற்றவர்கள் சரணங்களை ஏற்றுக்கொள்ள, பல்லவியில் எல்லோரும் சேர்கிறார்கள்.

1972இல் அந்தத் தொகுப்பு வெளியானபின் பாட்டின் ‘வட்டம்’ குடும்பத்தோடு நிற்கவில்லை. மூத்தோரையும் இளையோரையும் இணைக்கும் இசை மரபையும் குறிக்கலானது. புகழ் மண்டபச் சுவரில் இருப்பது இந்த இரண்டாம் பொருள்தான். 2001இல் எழுத்தாளர் ஸ்டட்ஸ் டெர்கெல் மரணம் பற்றிய தம் நேர்காணல் நூலுக்கு இதே பெயரைச் சூட்டினார். அவர் எடுத்துக்கொண்டது முதற்பொருள். 1912இல் நடப்பதாக அமைந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’ என்ற 2013ஆம் ஆண்டுக் கணினி விளையாட்டு, கார்ட்டருக்கு முந்தைய வடிவத்தையே தேடிப்பிடித்துப் பயன்படுத்தியது.

இன்று திருச்சபைப் பாடல் நூல்கள் ஹேபர்ஷன், கேப்ரியல் பெயர்களை அச்சிடுகின்றன, இசைத்தட்டுகள் ஏ. பி. கார்ட்டரை அச்சிடுகின்றன. இரண்டும் பாதி உண்மையே. மக்கள் வாயில் வாழும் மெட்டைத் தந்த கறுப்பினத் திருச்சபைகளுக்கு இரண்டிலும் இடமில்லை. இனி இந்தப் பாட்டைப் பதிப்பிக்கிறவர்கள் அந்த மூன்றாவது மூலத்தையும் தலைப்பின் கீழே சேர்த்து அச்சிட வேண்டும்.