புஷ்மென்களின் வேட்டைக் கருவிகள்

1980-இல் வெளிவந்த "தி காட்ஸ் மஸ்ட் பி கிரேசி" திரைப்படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். வானத்திலிருந்து விழுந்த கோகோ கோலா பாட்டிலைக் கண்டு திகைக்கும் அந்த மனிதர் உலகத்தையே சிரிக்க வைத்தார். ஆனால் புஷ்மென் என்றாலே வெகுளிகள், ஒன்றும் அறியாதவர்கள் என்ற எண்ணமும் அந்தப் படத்தோடு பரவிவிட்டது. அவர்களுடைய ஓர் அம்பைப் பிரித்துப் பார்த்தால் போதும், அந்த எண்ணம் போய்விடும்.

புஷ்மென் என்பது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் வைத்த பெயர். சான் என்றும் இவர்களை அழைப்பார்கள். அதுவும் பக்கத்தில் ஆடுமாடு மேய்த்த கொய்கொய் மக்கள் வைத்த பெயர்தான். இவர்கள் தங்களை ஜுஹோன்சி, நாரோ என்று குழுக்களின் பெயராலேயே சொல்லிக்கொள்கிறார்கள். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, அங்கோலா ஆகிய நாடுகளில் வாழ்கிறார்கள். கலஹாரி வறண்ட நிலம்தான் இவர்களின் முக்கிய வாழிடம்.

வில்

புஷ்மென்களின் வில் சிறியது. ஏறக்குறைய 1 மீட்டர் நீளம்தான் இருக்கும். கிரூவியா என்ற புதர்ச்செடியின் வளைந்து கொடுக்கும் கிளையைச் சீவி வில் செய்கிறார்கள். பெரிய மான்களின் முதுகுத் தசைநாரை உலர்த்தி, இழை இழையாகப் பிரித்து, முறுக்கி நாண் ஆக்குகிறார்கள்.

இந்த வில்லின் இழுவிசை மிகக் குறைவு. 20, 30 மீட்டருக்கு மேல் குறி வைப்பது கடினம். இந்த வில்லைக் கொண்டு ஒட்டகச்சிவிங்கியை எப்படி வீழ்த்த முடியும்? அதற்கான விடை அம்பில் இருக்கிறது.

அம்பு

அம்பு ஒரே குச்சி அல்ல. பல துண்டுகளை ஒன்றோடொன்று செருகிச் செய்தது. பின்பகுதி நாணல் அல்லது தடித்த புல்லின் தண்டு. இதில் இறகு கட்டுவதில்லை. முன்பகுதியில் கூரிய முனை. இரண்டையும் இணைக்க எலும்பாலோ மரத்தாலோ செய்த ஒரு சிறு இணைப்புத் துண்டும், நாணலால் ஆன ஒரு குழல் வளையமும் இருக்கும். வெடித்துவிடாமல் இருக்க மூட்டுகளைத் தசைநாரால் சுற்றிக் கட்டுவார்கள்.

அம்பு விலங்கின் மேல் பட்டதும் பின்தண்டு கழன்று கீழே விழுந்துவிடும். முனை மட்டும் உடலுக்குள் தங்கிவிடும். விலங்கு மரத்தில் உரசினாலும் முனையைப் பிடுங்கி எறிய முடியாது. கீழே விழுந்த தண்டை வேடன் எடுத்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்வான்!

முற்காலத்தில் முனைகளை எலும்பிலும் கல்லிலும் செய்தார்கள். பிறகு அண்டை விவசாய மக்களிடமிருந்து பண்டமாற்றில் இரும்பு கிடைத்தது. பண்ணைகளுக்கு வேலி போட ஆரம்பித்த பிறகு வேலிக் கம்பியே மூலப்பொருள் ஆனது. கம்பியைச் சூடாக்காமலேயே தட்டித் தட்டிச் சிறு முக்கோண முனையாக்கினார்கள்.

நஞ்சு

கொல்வது வில் அல்ல, நஞ்சுதான். வெள்ளைப்போள மரத்தின் இனத்தைச் சேர்ந்த கோமிபோரா என்ற புதரின் இலையைத் தின்று வாழும் டயாம்பிடியா என்ற வண்டின் புழுவிலிருந்து அது கிடைக்கிறது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக்கொள்ளும். புதருக்கடியில் ஆழமாகத் தோண்டி அந்தக் கூடுகளைச் சேகரிக்கிறார்கள். பிறகு புழுவை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, அதன் உடல் நீரை அம்பில் பிதுக்கி, நெருப்பருகே உலர்த்துகிறார்கள். ஓர் அம்புக்குச் சுமார் 10 புழுக்கள் வரை தேவைப்படும்.

நஞ்சைக் கூர்முனையில் தடவுவதே இல்லை. முனைக்குப் பின்னால் உள்ள தண்டில்தான் தடவுவார்கள். தவறுதலாகக் கை கீறினாலும் உயிருக்கு ஆபத்து வராமல் இருக்க இந்த ஏற்பாடு. ஏனென்றால் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது.

இந்த நஞ்சு இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். சிறிய மான் விழச் சில மணி நேரம் ஆகும். ஒட்டகச்சிவிங்கிக்குச் சில நாட்கள்கூட ஆகும். அதுவரை மணலில் பதிந்த குளம்புத் தடத்தைப் பார்த்தே பின்தொடர வேண்டும். நஞ்சு இரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும், வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. அதனால் காயத்தைச் சுற்றியுள்ள சதையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவார்கள்.

மற்ற கருவிகள்

அம்பறாத்தூணிக்கு ஒருவகை வேலமரத்தின் தடித்த வேர் பயன்படும். வேரைச் சூடான சாம்பலில் வாட்டினால் பட்டை குழாய்போலக் கழன்று வரும். அடியைத் தோலால் மூடிவிடுவார்கள். பறவைகளுக்கும் சிறு மான்களுக்கும் மருள் நாரைத் திரித்துக் கண்ணி வைப்பார்கள். கங்காருபோலத் தாவும் ஸ்பிரிங்ஹேர் என்ற விலங்கை வளையிலேயே பிடிக்க, 4 மீட்டருக்கும் நீளமான கொக்கிக் கழி இருக்கிறது. விழுந்த விலங்கை முடிக்க ஈட்டி.

இறைச்சி யாருக்கு?

ஜுஹோன்சி மக்களிடம் ஒரு விதி உண்டு. இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு இல்லை, முதலில் தைத்த அம்பின் சொந்தக்காரருக்கே. வேடர்கள் ஒருவருக்கொருவர் அம்புகளைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். வேட்டைக்குப் போக முடியாத முதியவருக்கும், பெண்களுக்கும்கூடச் சொந்த அம்பு இருக்கலாம். இதனால் திறமையான வேடன் மற்றவர்களுக்கு மேலானவனாக ஆகிவிட முடியாது. லோர்னா மார்ஷல், ரிச்சர்ட் லீ போன்ற மானிடவியல் அறிஞர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு பழமை?

தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் கிடைத்த பொருட்களைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளியானது. சுமார் 44,000 ஆண்டுகள் பழமையான எலும்பு முனைகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்றில் சுருள் கோடு கீறிச் செங்காவி நிரப்பியிருந்தார்கள். யாருடைய அம்பு என்று காட்டப் பிற்காலப் புஷ்மென்கள் இட்ட அடையாளத்தை அது ஒத்திருப்பதாக ஆய்வாளர்கள் கூறினர். சுமார் 24,000 ஆண்டுப் பழமையான ஒரு குச்சியில் நஞ்சின் தடயமும் கிடைத்தது.

இன்று

இவ்வளவு பழமையான அறிவுக்கு இப்போது ஆபத்து. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் வாழ்ந்த புஷ்மென்களை போட்ஸ்வானா அரசு 1997-இலும் 2002-இலும் வெளியேற்றியது. அந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்றும், வேட்டை அனுமதி தர மறுத்ததும் தவறு என்றும் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2014-இல் நாடு முழுவதும் வேட்டைக்குத் தடை வந்தது. 2019-இல்தான் அது நீங்கியது. நமீபியாவில் 1998-இல் உருவான நயே நயே காப்பகத்திலோ, அங்கு வாழும் ஜுஹோன்சிகள் பாரம்பரிய ஆயுதங்களால் வேட்டையாடலாம்.

சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யும் வில்லும் அம்பும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் எந்தப் புதருக்கடியில் தோண்ட வேண்டும், தடம் பழையதா புதியதா என்பதெல்லாம் கடையில் கிடைக்காது. வேட்டைக்குப் போகும் பெரியவர்களோடு நடந்துதான் ஒரு சிறுவன் அதைக் கற்க முடியும். வேட்டை ஒரு தலைமுறைக்கு நின்றுபோனால் அருங்காட்சியகத்தில் அம்பு இருக்கும், அதன் பின்னால் நடக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.