துப்பறியும் கோவிந்தனுக்கு ஊர் பாளையங்கோட்டை



போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒரு பழைய மாணவர். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். "சார், பத்தாம் வகுப்புல என் கையில இருந்த துப்பறியும் நாவலைப் பிடுங்கிக் கிழிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? கொலையாளி யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சார்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளில் நம் ஜங்ஷன் கடைகளில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் கிளிப் போட்டுத் தொங்கும். அதை வைத்திருந்த பையன் உருப்பட மாட்டான் என்று நினைத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். அந்த வகை எழுத்துக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவை அன்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. பாக்கி இருந்த அந்தப் பாடத்தை இன்று நடத்திவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் வந்தது 1887இல். ஏழே ஆண்டுகளில், 1894இல், தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்துத் தமிழில் துப்பறியும் கதை எழுதினார் பண்டித நடேச சாஸ்திரி. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்த அறிஞர் அவர். அவருடைய முடிவு நம் பக்கத்தில்தான் நேர்ந்தது. 1906இல் கழுகுமலைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, மிரண்டு ஓடிய குதிரையிடம் சிக்கி உயிரிழந்தார். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கழுகுமலை, அன்று திருநெல்வேலி மாவட்டம்தான்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1908இல், 'ராஜாம்பாள்' வெளிவந்தது. எழுதியவர் ஜே.ஆர். ரங்கராஜு. 1875இல் பிறந்தவர், பிறந்த ஊர் நம் பாளையங்கோட்டை! அவர் படைத்த துப்பறிவாளன் பெயர் கோவிந்தன். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்க்காரர் எழுதிய துப்பறியும் கதையைத் தமிழர்கள் தூக்கம் கெட்டுப் படித்திருக்கிறார்கள்.

ராஜாம்பாளை வெறும் கொலைக் கதை என்று தள்ளிவிட முடியாது. சிறு பெண்ணை வயதானவருக்குக் கட்டிவைக்கும் கொடுமையை அது தோலுரித்தது. அடுத்து எழுதிய 'சந்திரகாந்தா'வில் மடாதிபதிகளின் ஒழுக்கக்கேட்டையே கேள்வி கேட்டார். மேடையேறிச் சொன்னால் அடி விழக்கூடிய விஷயத்தை, 'குற்றவாளி யார்' என்ற கேள்விக்குள் ஒளித்து வைத்து வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாரைச் சந்தேகப்படுவது என்று யோசித்துக்கொண்டே படிக்கிற வாசகர், தன் வீட்டுப் பெரியவர்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கத்தானே செய்வார்?

படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தக் கதைகள் போய்ச் சேர்ந்தன. நடிகர் எம்.கே. ராதாவின் தந்தையார் எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்களின் குழு அவற்றை ஊர் ஊராக நடித்தது. புராண நாடகங்களையே பார்த்துப் பழகிய கூட்டம், தன் காலத்து மனிதர்களை மேடையில் பார்த்தது. பிறகு சினிமா. 'சந்திரகாந்தா' 1936இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமானது. 1951இல் வந்த 'ராஜாம்பாள்' படத்தில்தான் ஆர்.எஸ். மனோகர் அறிமுகமானார்.

ரங்கராஜு தனி ஆள் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு வரிசையே இருந்தது. வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950இல் படமாகி நம்பியாரைப் பிரபலமாக்கியது. லண்டனில் 1930இல் துப்பறியும் எழுத்தாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். வாசகரிடமிருந்து எந்தத் தடயத்தையும் மறைக்க மாட்டோம் என்று சேரும்போதே உறுதிமொழி எடுப்பார்களாம்! நம்மவர்களை அப்படிச் சங்கம் எதுவும் கட்டிச் சேர்க்கவில்லை. அச்சகமும் நாடகக் கொட்டகையும் வாசகர் கூட்டமும்தான் அவர்களைச் சேர்த்து வைத்தன.

அவர்கள் மேல் குறை சொல்ல இடமில்லாமல் இல்லை. ஆரணியாரும் வடுவூராரும் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில நாவலாசிரியர்களைத் தழுவி நிறைய எழுதினார்கள். தழுவல் என்றாலே கொதித்தெழுந்தவர் நம் வண்ணாரப்பேட்டைப் புதுமைப்பித்தன். வகுப்பில் நான் அவர் கட்சி. இலக்கியத் தராசில் அவர் பக்கம் தாழும் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தராசைப் பிடிக்க வந்த வாசகருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் ருசியை முதலில் ஊட்டியவர்கள் யார்? அதை நான் யோசிக்கவே இல்லை.

ரங்கராஜு 1959இல் காலமானார். இந்தப் பாளையங்கோட்டையில் அத்தனை ஆண்டு தமிழ்ப்பாடம் நடத்திய நான், ஒரு நாள்கூட வகுப்பில் அவர் பெயரை உச்சரித்ததில்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்த எழுத்தாளர்கள் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியலிலும் அவர் இல்லை. அந்தப் பையன் நாவலைக் கிழித்ததைவிட இதுதான் பெரிய குற்றம். துப்புத் துலக்கக் கோவிந்தன் வரவேண்டியதில்லை. நானே ஒப்புக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா, பாட்டி வீட்டுப் பரணில் அட்டை போன ராஜாம்பாளோ சந்திரகாந்தாவோ கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை படித்துப் பாருங்கள். பிறகு ஊர் நூலகத்திலாவது கொண்டுபோய்க் கேளுங்கள்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தம்பிக்கு: நாவலின் பெயர் ஞாபகம் இருந்தால் சொல்லுப்பா. பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கித் தருவது என் பொறுப்பு. கடைசிப் பக்கத்தை நான் முன்கூட்டியே பார்க்க மாட்டேன்.