கொச்சித் தீவுகள்

கேரளத்தில் வேம்பநாட்டுக் காயல் அரபிக்கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள தீவுக்கூட்டம் இது. வைப்பின், முளவுகாடு, வல்லார்பாடம், வில்லிங்டன் ஆகியவை இதில் முக்கியமானவை. கொச்சி நகரின் கலூர்ப் பகுதியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனாலே காயல் வந்துவிடும். எதிரே தெரிவது முளவுகாட்டின் தென்முனையான போல்காட்டி. கொச்சித் தீவுகள் பெரும்பாலும் ஆற்று வண்டலும் கடல் மணலும் சேர்ந்து எழுந்தவை. வயதில் மிக இளையவை.

1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது, கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்தது, தெற்கே கொச்சியின் முகத்துவாரம் திறந்தது என்பது இங்குள்ள மரபு. வைப்பின் தீவு அப்போதுதான் உருப்பெற்றது என்று கருதி, அந்த ஆண்டிலிருந்து தொடங்கும் ‘புதுவைப்பு’ என்ற காலக்கணக்கும் வழங்கியது. சங்கப் பாடல்கள் புகழும் முசிறியின் வணிகம் இந்தக் கரையில்தான் நடந்தது. வைப்பினுக்கு வடகிழக்கே, பறவூரை அடுத்த பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் வகைச் சாடிகளும் அவற்றுள் உண்டு.

வணிகத்துக்குப் பின்னால் கோட்டைகள் வந்தன. வைப்பினின் வடமுனையில், பள்ளிப்புறத்தில், போர்த்துக்கீசியர் 1503இல் எழுப்பிய அறுகோணக் கோட்டை இன்றும் நிற்கிறது. போல்காட்டி அரண்மனை 1744இல் டச்சுக்காரர்கள் கட்டியது.

இந்தத் தீவுகளின் உண்மையான செல்வம் பொக்காளி என்ற நெல் விளையும் வயல்களில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு கரைந்து வடிந்ததும், சேற்றைச் சிறு மேடுகளாகக் கூட்டி அவற்றின்மேல் முளைகட்டிய நெல்லை விதைக்கிறார்கள். தண்ணீர் ஏறினாலும் பயிர் ஆளுயரம் வளர்ந்து தாக்குப்பிடிக்கும். அறுவடையில் கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பருக்குப் பின் அது அழுகி இறாலுக்கு இரையாகிறது. மதகில் விளக்கு தொங்கவிட்டு, கடல் ஏற்றத்தில் இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு, வற்றத்தில் வலைகட்டிப் பிடிப்பது இரவு வேலை. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. இந்தச் சுழற்சி உரமும் பூச்சிமருந்தும் இன்றி நடக்கிறது. ஆனால் சேற்றில் இறங்க ஆள் கிடைக்காமல் வயல்கள் சுருங்கிவருகின்றன.

வைப்பினின் செறாயியில் 1917இல் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன், ஈழவர், புலையர் ஆகிய இரு சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்திச் சமபந்தி நடத்தினார். அதற்காக அவரை ஊர்விலக்கம் செய்தார்கள், ‘புலையன் அய்யப்பன்’ என்று பழித்தார்கள். அவர் அந்தப் பெயரைப் பெருமையாகவே ஏற்றார்.

வில்லிங்டன் தீவு பெரும்பாலும் மனிதர் உண்டாக்கியது. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்தை மறித்திருந்த மணல்திட்டை வெட்டி, காயலைத் தூர்வாரினார். அள்ளிய மண்ணைக் கொட்டி 700 ஏக்கருக்கு மேல் புதுநிலம் எழுப்பினார்கள். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது.

2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை, வைப்பின்காரர்கள் எரணாகுளத்துக்கு வரப் பெரும்பாலும் படகையே நம்பியிருந்தார்கள். வல்லார்பாடத்தில் 2011இல் சரக்குப்பெட்டக முனையமும், 2023இல் உயர் நீதிமன்றத் துறைக்கும் வைப்பினுக்கும் இடையே நீர்வழி மெட்ரோவும் தொடங்கின. வைப்பின் தீவின் கரையோ இன்னும் நிலைகொள்ளவில்லை. நடுப்பகுதியில் எடவனக்காடு, நாயரம்பலம் கடற்கரைகளைக் கடல் அரித்துத் தின்கிறது. தென்முனையில் புதுவைப்பு என்ற பகுதியில் மணல் சேர்ந்து கரை மேற்கே நகர்ந்திருக்கிறது. கலங்கரை விளக்கமும் எரிவாயு முனையமும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளன.