தூக்கிச் செல்ல ஆளில்லாதவர்கள்

1803ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் தேதி பிற்பகலில், கண்டி நகரத்தில் முற்றுகையிடப்பட்டிருந்த ஆங்கிலப் படையின் தலைவனான மேஜர் ஆடம் டேவி வெள்ளைக்கொடி உயர்த்திச் செய்துகொண்ட உடன்படிக்கையில், சரித்திர ஆசிரியர் பலரும் ஒரு வாக்கியத்தில் கூறிக் கடந்துவிடும் ஷரத்து ஒன்று உண்டு. படையினர் ஆயுதங்களுடன் திருகோணமலைக்குச் செல்லலாம். நடக்க இயலாத நோயாளிகள் ஆஸ்பத்திரியிலேயே இருப்பார்கள். அவர்களை எடுத்துச்செல்ல வழி பிறக்கும்வரை கண்டியார் பராமரிப்பார்கள் என்பதே அது. இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது அந்த ஷரத்தையும், அதனை நம்பிப் படுக்கையில் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட மனிதரையுமே.

கவர்னர் பிரெடரிக் நோர்த்தின் ஆணைப்படி ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்தும், கர்னல் பார்புட் திருகோணமலையிலிருந்தும் படை நடத்திவந்து, அவ்வாண்டு பிப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது, அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரத்தை விட்டு அகன்றிருந்தான். தெருக்களில் ஜனங்களும் இல்லை. மதுரை நாயக்கர் வழியில் வந்து கண்ணுசாமி என்ற பூர்வப் பெயர் தாங்கியிருந்த அவ்வரசனுக்கு எதிராக, அதே உறவின்முறையைச் சேர்ந்த முத்துசாமி என்பவனை ஆங்கிலேயர் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். நாட்டில் ஒருவரும் அவனை அரசனாக ஏற்கவில்லை. இதனைக் கண்ட பின்னும் ஒரு சிறு படையை மலைகளின் நடுவே நிறுத்திவிட்டுச் சேனாதிபதி கீழே இறங்கினார்.

பின்னர் மழையும் காய்ச்சலும் வந்தன. காட்டுக் காய்ச்சல் என்று அக்காலத்தார் பொதுவாக அழைத்த நோயை இன்று மலேரியா என்று நாம் அறிவோம். அன்றோ அது சதுப்பு நிலத்தின் விஷக்காற்றினால் வருவதென்றே மருத்துவர்களும் நம்பினார்கள். கொசுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிவதற்கு இன்னும் 94 ஆண்டுகள் இருந்தன. பார்புட் நோயுற்றுக் கொழும்பு சென்று மாண்டார். மே மாதத்தில் திரும்பி வந்த மக்டவலும் நோய்ப்பட்டு ஜூனில் மீண்டும் கீழே சென்றார். பொறுப்பு டேவியின் தலையில் விழுந்தபோது, அவன் வசமிருந்த வெள்ளைச் சிப்பாய்களில் எழுந்து நிற்க வல்லவர் மிகச் சிலரே. ஏனையோர் ஆஸ்பத்திரியில் கிடந்தனர். காவலின் பெரும்பாரத்தை மலாய்ச் சிப்பாய்களே தாங்கினார்கள்.

படுத்த நோயாளியை மலைப்பாதையில் இறக்குவதென்பது எளிய காரியமன்று. அந்நாளில் கண்டிக்கு வண்டிச்சாலை கிடையாது. ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தக்க காட்டுத்தடங்களே இருந்தன. ஒரு நோயாளியை டோலியில் வைத்துச் சுமக்க நால்வர் வேண்டும். அந்நால்வரை மாற்றிக்கொள்ள வேறு நால்வர் வேண்டும். இத்தனை பேருக்கும் அரிசி சுமக்கப் பின்னும் ஆட்கள் வேண்டும். நூறு நோயாளிகளைத் திருகோணமலைவரை கொண்டுசேர்க்க எத்தனை தோள்கள் தேவைப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். டேவியிடம் அத்தோள்கள் இல்லை. ஆகவேதான் எதிரியின் வாக்கை நம்பி நோயாளிகளை விட்டுச்செல்லும் ஷரத்துக்கு அவன் உடன்பட்டான்.

அவன் வெளியேறியதும் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் படுக்கைகளிலேயே கொல்லப்பட்டார்கள்.

வெளியேறியவர்களின் கதியும் வேறாக இருக்கவில்லை. நகரத்துக்கு மூன்று மைல் தொலைவில், வட்டப்புளுவையில், மகாவலி கங்கை மழைவெள்ளத்தால் பெருகி ஓடியது, கடக்கப் படகில்லை, தெப்பம் கட்டும் முயற்சியும் பலிக்கவில்லை. அடைக்கலம் புகுந்த முத்துசாமியை ஒப்படைத்தால் வழிவிடுவதாகச் சொல்லப்பட்டபோது டேவி அவனை ஒப்படைத்தான், முத்துசாமி கொலையுண்டான். 26ஆம் தேதி, ஆயுதம் களையப்பெற்ற வெள்ளையர் இருவர் இருவராக அழைத்துச்செல்லப்பட்டு வெட்டப்பட்டனர். டேவி கைதியாக வைக்கப்பட்டு, ஏறத்தாழ 1812 வரை கண்டி நாட்டிலேயே நோயுடன் உயிர் வாழ்ந்து மாண்டான். கழுத்தில் வெட்டுண்டு பிணங்களிடையே கிடந்த பார்ன்ஸ்லி என்ற கார்ப்பொரல், தசைநார் அறுந்து சாய்ந்த தலையைக் கையால் தாங்கியபடியே இருளில் ஆற்றைக் கடந்து, முடிவில் மக்டவல் கோட்டையை அடைந்து இச்செய்தியைக் கூறினான். அதைக் கேட்ட கோட்டைத்தலைவன் மாட்ஜ் உடனே திருகோணமலை நோக்கிப் புறப்பட்டான். அவனும் படுத்திருந்த நோயாளிகளை விட்டுவிட்டே சென்றான்!

இப்பழி முழுவதையும் டேவியின் மீது சுமத்துவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். என் மனம் அதற்கு இசையவில்லை. நோயுற்றவனைத் தூக்கிவர வகைசெய்யாமல் அவனை அந்நிய நாட்டின் நடுவே நிறுத்திய நோர்த்தும் மக்டவலும் முதற்குற்றவாளிகள். படுக்கையில் கிடந்தவனை வெட்டிய வாளும், அதற்கு ஆணையிட்ட வாயும் செய்த பாவம் வேறு. தம் நாட்டின்மீது படையெடுத்து வந்தவர்கள் என்ற நியாயம் கண்டியாருக்கு முழுமையாக இருந்தும், அந்த நியாயம் ஆஸ்பத்திரியின் வாயிற்படியோடு நின்றுவிட வேண்டியது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1817இன் பிற்பகுதியில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்கக் கவர்னர் பிரவுன்றிக்கின் படைகள் ஊர்களையும் தானியத்தையும் எரித்தபோது, இராணுவ மருத்துவர்கள் இருவர் அதன் விளைவைக் கண்ணாரக் கண்டார்கள். ஒருவர், விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பியான ஜோன் டேவி. மேஜர் டேவிக்கும் இவருக்கும் பெயரொற்றுமையைத் தவிர உறவில்லை. மற்றவர், பிற்காலத்தில் இராணுவ மருத்துவப் புள்ளிவிவர இயலின் தந்தை எனப் போற்றப்பெற்ற ஹென்றி மார்ஷல். குண்டுபட்டு மாண்ட சிப்பாய்களைக் காட்டிலும் காய்ச்சலாலும் சீதபேதியாலும் மாண்டோர் பன்மடங்கு என்பதை இவ்விருவரும் அறிந்திருந்தனர். ஜோன் டேவியின் மதிப்பீட்டின்படி, அக்கிளர்ச்சியில் ஆங்கிலேயர் தரப்பில் மாண்டவர் ஏறத்தாழ 1,000. போரினாலும் பஞ்சத்தினாலும் நோயினாலும் மாண்ட நாட்டு மக்கள் 10,000. சிப்பாய்க்காவது ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. தானியம் எரிந்த ஊவாக் குடியானவனுக்கு ஆங்கிலேயர் தரப்பில் டோலியுமில்லை, மருந்துமில்லை.

காயப்பட்டவனும் அவனைப் பேணுவோனும் எப்பட்சத்தையும் சாராதவர்கள் என்று தேசங்கள் கூடி ஜெனீவாவில் கையொப்பமிட்டது 1864இல்தான்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1944 ஏப்ரலில், மீண்டும் ஒரு பெருஞ்சேனையின் தலைமைப் பீடம் கண்டிக்கு வந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு டில்லியிலிருந்து தம் அலுவலகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றி, அங்கிருந்தே தென்கிழக்காசியப் போரை நடத்தினார். பர்மாப் போர்முனையில் 1943இல், காயப்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு நோயால் வெளியேற்றப்பட்டவர் 120 பேர் என்று அங்கே படை நடத்திய ஜெனரல் ஸ்லிம் எழுதியிருக்கிறார். அதன்பின் மலேரியாக்காரனை நூற்றுக்கணக்கான மைல் பின்னே இந்தியாவுக்கு அனுப்பாமல் முன்னணிக்கு அருகிலேயே சிகிச்சையளித்தார்கள். மலேரியாவைத் தடுக்கும் மெப்பகிரின் மாத்திரையைத் தினந்தோறும் விழுங்கவைத்து, அதில் அசட்டையாயிருந்த படைத்தலைவர்களைப் பதவியிலிருந்தே நீக்கினார்கள். படுகாயமுற்றவனை விமானத்தில் ஏற்றினார்கள். 1945இல் அந்த 120 என்பது 10 ஆகக் குறைந்தது. 1803இல் டேவிக்குக் கிட்டாத தோள்களின் வேலையை இப்போது ஆகாய விமானம் செய்தது.

ஜப்பான் சரணடைந்ததும், சிறைப்பட்டிருந்த போர்வீரரையும் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்த குடிமக்களையும் மீட்டு மருந்தும் உணவும் அளிக்கும் பணி, கண்டியில் தலைமை கொண்டிருந்த அதே பீடத்தின் கீழ் நடந்தது. விமானங்கள் முகாம்களின்மீது மருந்துப் பொதிகளை இறக்கின. அதனால் உயிர் தப்பியோர் பல்லாயிரவர். அப்பணியைப் போற்றாமலிருக்க முடியாது. எனினும் அப்பணிக்கு இடப்பட்ட பெயரிலேயே போர்க்கைதிகளும் சிறைவைக்கப்பட்டோரும் மட்டுமே இருந்தனர். போர்க்காலத்தில் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் அப்பெயருக்குள் அடங்கவில்லை. அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டவர்; அவர்களுக்குச் சயாமிலுள்ள காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. தமிழரும் பர்மியரும் மலாயரும் ஜாவாவினருமாக அங்கே மாண்ட தொழிலாளரோ அத்தொகையைப் போலப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. 1943இல் வாந்திபேதி பரவியபோது அவர்களுடைய முகாம்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட சொற்ப மருத்துவர்களும் கைதிகளே. அவர்கள் கையில் மருந்து அரிதாகவே இருந்தது.

கண்டி நகரின் புறத்தே, மகாவலிக்கு அருகில், உலகப்போரில் மாண்டவர்களுக்கான கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயரும் கிழக்காபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் அங்கே அருகருகே கிடக்கிறார்கள். பெயர் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் அவன் பெயர் பொறித்த ஒரு கல் உண்டு. அங்கு செல்லும் வாசகர்களிடமும், முக்கியமாக மலாயாவில் பந்துக்களை உடையவர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: சயாம் பாதைக்குப் போய்த் திரும்பாத உங்கள் தாத்தாவின் பெயரும், பாட்டியின் பெயரும், அவர்கள் புறப்பட்ட தோட்டத்தின் பெயரும் வீட்டு முதியோர் எவருக்கேனும் நினைவிலிருந்தால், இவ்வாரமே அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.